ஒரு வீட்டுக்கு இரண்டு மண்

பஸ் என்னைத் தாண்டியபோது நான் கை காட்டவில்லை. கண்டக்டர் எனக்குப் பழக்கமானவர். படியில் தொங்கியபடி, "ஏறலையா? அடுத்த வண்டி ஆறரைக்குத்தான், பாத்துக்கங்க!" என்று கத்தினார். "நடந்தே வாரேன், நீங்க போங்க" என்றேன். ஆலங்குடிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. தோளில் கிடந்த பையில் திருப்புளிகளும் ஸ்பேனர்களும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. ஒரு வீட்டில் என் தவற்றைச் சொல்லப் போய், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போது முழங்கால் ஏணி ஏற விடுவதில்லை; தொழிலை விட்டுவிட்டேன். கேமரா மாட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்னும் இருக்கிறேன். போன மழைக்கு முன்னால் ஒருவர் அதில் கேட்டிருந்தார்: "வீட்டு எர்த்திலேயே கேமராவுக்கும் கொடுக்கலாமா, தனியாகக் குழி போடணுமா?" பாதிப் பேர் தனிக்குழிதான் நல்லது என்றார்கள். ஒருவர், தனிக்குழி போட்டால் இடி கேமரா பக்கமே வராது என்று எழுதியிருந்தார். பதில் போட உட்கார்ந்தேன். நான்கு வரியில் முடியவில்லை. அதனால்தான் இது.

நான் எட்டாவது வரை படித்தேன். ஒன்பதாவதில் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு திருச்சி பஸ் ஏறினேன். ஓட்டலில் தட்டு கழுவியது, திருப்பூரில் துணி மடித்தது, போர்வெல் லாரியில் ஆந்திரா முழுக்கச் சுற்றியது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்தவனில்லை. ஒரே ஒருவரிடம்தான் ஆறு வருடம் நின்றேன். கீரனூரில் வயரிங் மேஸ்திரி சவரிமுத்து.

அவர் யாரையும் ஒருமையில் பேச மாட்டார். சித்தாளாக வந்தவனுக்கும் 'ங்க' போடுவார். திட்டும்போதுதான் அது இன்னும் கூடும். ஒரு முறை நான் எர்த் கம்பியைச் சுவர் மூலையில் வளைத்து மடக்கிக் கொண்டுபோயிருந்தேன். அருகில் வந்து பார்த்தார். "இது யாருங்க செஞ்சது?" என்றார். நான்தான் என்றேன். "நல்லா இருக்குங்க. கோலம் போட்ட மாதிரி இருக்கு. இப்ப இதைப் பிரிச்சுட்டு, ஒரு எலெக்ட்ரீசியனை வரச் சொல்லிக் கட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இடி மின்னலில் வரும் கரண்டுக்கு முனை திரும்பப் பொறுமை கிடையாது. கம்பி நேராகவும் குட்டையாகவும் இறங்க வேண்டும், மடக்கினால் அந்த இடத்தில் தாவிவிடும் என்பதை அன்று மூன்று மணி நேரம் பிரித்துக் கட்டித் தெரிந்துகொண்டேன்.

எர்த் என்ற சொல்லையே அவர் சொல்ல மாட்டார். 'மண்' என்றுதான் சொல்வார். "இந்த வீட்டு மண்ணு எங்கங்க இருக்கு?" என்பதுதான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி. வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும், குளித்த தண்ணீர் எங்கிட்டுப் போகும் என்று விசாரித்து, ஈரம் காயாத இடமாகப் பார்த்துக் குழி போடச் சொல்வார். எட்டடி ஆழம். நடுவில் குழாய், சுற்றிக் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. மேலே புனல் மாதிரி வாய் வைத்துத் தண்ணீர் ஊற்ற வழி. முடிந்ததும் நூறு வாட் பல்பை எடுத்து ஒரு முனையைக் கரண்டிலும் மறு முனையை மண்ணிலும் வைத்துப் பார்ப்பார். பல்பு மங்கலாக எரிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கடப்பாரையை என் பக்கம் நகர்த்துவார். மீட்டர் வாங்கிய பிறகும் பல்பை விடவில்லை.

அவருடைய ஒரே சட்டம், ஒரு வீட்டுக்கு ஒரு மண். எத்தனை குழி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் எல்லாவற்றையும் பூமிக்கடியில் தடித்த கம்பியால் ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். ஏன் என்று கேட்டேன். அவருக்கு மாமனார் ஊர் கடற்கரைப் பக்கம். "தண்ணி ஏறுச்சுன்னா கரையில கெடக்குற படகெல்லாம் சேந்து ஏறும், சேந்து எறங்கும். ஒண்ணு மட்டும் ஏறி ஒண்ணு கீழ கெடந்தா என்னாகுங்க? இடிச்சுக்குங்க" என்றார். இடி விழுந்தால் அந்த இடத்து மண்ணே ஒரு கணம் பல்லாயிரம் வோல்ட் ஏறும். வீட்டு இரும்பெல்லாம் ஒரே மண்ணில் கட்டியிருந்தால் எல்லாம் ஒன்றாக ஏறும். அவற்றுக்குள் தாவ எதுவும் இல்லை. இரண்டு மண் தனித்தனியாக இருந்தால் ஒன்று ஏறும், மற்றது அப்படியே கிடக்கும். நடுவில் என்ன இருக்கிறதோ அதன் வழியாகத் தாவும். கேமரா கேபிள் இருக்கலாம். ஆளும் இருக்கலாம்.

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தர முடியாது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

கேமரா வந்தபோது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்குக் கேமரா மாட்ட ஆரம்பித்தேன். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு நெல் குடோனில் முதல் அடி வாங்கினேன். வீட்டுக்கும் குடோனுக்கும் நடுவே கேபிளைத் தென்னை மரத்தில் கட்டி அந்தரத்தில் இழுத்திருந்தேன். முதல் கோடை மழையில் எட்டுக் கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகக் கருகின. நேராக எதன் மேலும் இடி விழவில்லை. பக்கத்து வயலில் விழுந்தது. அதற்குப் பின் கேபிளைக் குழாயில் போட்டுப் பூமிக்கடியில் கொண்டுபோனேன். கேபிளின் இரண்டு முனையிலும், திடீரென ஏறும் கரண்டை மண்ணுக்குத் திருப்பிவிடும் சர்ஜ் தடுப்பான், மெயின் போர்டில் ஒன்று, அதன் கம்பி ஒரு முழத்துக்கு மேல் போகாமல். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். இடி நேராக விழுந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லிவிடுவேன்.

பிறகு அந்த அண்ணன் தம்பி வீடு.

அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். கிழக்குப் பாதி மூத்தவர் செல்லத்துரைக்கு. விவசாயம், இரண்டு மாடு. மேற்குப் பாதி இளையவர் கருணாகரனுக்கு. அவர் கத்தாரில் வேலை. மனைவியும் பிள்ளையும் படிப்புக்காகப் புதுக்கோட்டையில். தோட்டத்து போர்வெல் மட்டும் பொது. மோட்டார் ரூம் சரியாக எல்லையில் இருந்தது. ஒரு நாள் இவருக்கு, ஒரு நாள் அவருக்கு என்று முறை வைத்துத் தண்ணீர். விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முன் கருணாகரன் என்னைக் கூப்பிட்டார். நான்கு கேமரா. அதில் ஒன்று மோட்டார் ரூமை ஒட்டி இரும்புக் கம்பத்தில்.

"இந்த வீட்டு மண்ணு எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் கிழக்கே கையைக் காட்டினார். அப்பா காலத்துக் குழி அண்ணன் பாகத்தில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டது. மாடு குளிப்பாட்டுகிற தண்ணீரெல்லாம் அங்கேதான் இறங்கும். நல்ல மண். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அதிலிருந்துதான் கம்பி வந்திருந்தது.

"அதுலயே கட்டிரலாங்க."

"அது அவரு மண்ணு. எனக்குத் தனியாப் போடுங்க."

"போடுறேன். ஆனா ரெண்டையும் அடியில சேத்துக் கட்டணும்."

"அண்ணே, கோர்ட்டுல நாலு வருசம் நடந்து பிரிச்சிருக்கோம். நீங்க வந்து மண்ணுக்குள்ள சேத்து வைக்கிறீங்களா? நாளைக்கு அவரு வீட்டுல சாக் அடிச்சா என் கம்பியாலதான்னு பஞ்சாயத்து வப்பாரு. தனியாப் போடுறதுன்னா போடுங்க, இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

சவரிமுத்து என்றால் அந்த இடத்திலேயே பையைத் தூக்கியிருப்பார். நான் கம்பத்துக்கடியில் குழி போட்டேன். அவர் பக்கம் செம்பாறை. ஆறடிக்கு மேல் கடப்பாரை இறங்கவில்லை. கரியும் உப்பும் போட்டு ஒப்பேற்றினேன். கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து மோட்டார் ரூம் சுவரில் மாட்டி, புது மண்ணில் கட்டினேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. ஒன்று அண்ணன் மண்ணில், மற்றது தம்பி மண்ணில்.

வேலை முடிந்து கருணாகரன் உள்ளே போனதும் வேலி ஓரமாக ஒரு குரல். செல்லத்துரையின் மனைவி ராஜாத்தி. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அண்ணே, சேத்துக் கட்டுனாத்தான் நல்லதுன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா தங்கச்சி. அவரு வேணாங்குறாரு."

"அவரு நாளான்னைக்கு ஏரோப்ளேன் ஏறிருவாரு. மண்ணுக்குள்ளதான கெடக்கப்போகுது, யாரு தோண்டிப் பாக்கப்போறா? கட்டி விட்டுட்டுப் போங்க. இந்த வீட்டுல ஏதோ ஒண்ணாச்சும் சேந்து கெடக்கட்டும்."

"கேமராவுல தெரியுமே, தங்கச்சி."

"இப்பத்தான மாட்டிருக்கீங்க, ஒரு மணி நேரம் அமத்திப் போடுங்க!" என்று சிரித்தார்.

மீதிக் கம்பி பையில் இருந்தது. எல்லையிலிருந்து கொட்டகை வரை இருபதடி. இரண்டு மணி நேரம் ஆகும். நாலு மணி பஸ் வருகிற நேரம். அதை விட்டால் ஆறரை. "அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினேன். பயந்தோ, யோசித்தோ விட்டதல்ல. பஸ்ஸுக்காக விட்டேன்.

சித்திரைக் கடைசியில் கத்தாரிலிருந்து போன் வந்தது. "அண்ணே, நேத்து சாயங்காலத்துலேருந்து நாலு கேமராவும் செத்துக் கெடக்கு. வாரண்டி இருக்குல்ல?"

போய்ப் பார்த்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த தென்னையின் குருத்து கருகி, மட்டைகள் தொங்கின. அடாப்டர் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. பெட்டிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே வெள்ளைச் சுவரில் ஒரு கரிக்கோடு. நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. கிழக்கு வீடு பூட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார்: "மழ வருதுன்னு மோட்டாரை அமத்தப் போயிருக்கு அந்தப் பொண்ணு. ஸ்டாட்டர்ல கையை வச்சிருக்கு, வானம் பொளந்துருச்சு. தூக்கி எறிஞ்சிருக்கு. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில கெடக்கு. இடி விழுந்தா யாரு என்னங்க பண்ண முடியும்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இதை எழுதும்போது அந்தத் தலையாட்டல்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது. புதுக் கேமராக்களை மாட்டினேன். கொட்டகைப் பக்கம் ஆளில்லை, அவர்களைக் கேட்காமல் எப்படித் தோண்டுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடாப்டர் பெட்டியை மட்டும் பழைய இடத்தில் மாட்டாமல் பத்தடி தள்ளி எதிர்ச்சுவரில் மாட்டினேன். என் கைக்குக் காரணம் தெரிந்திருந்தது.

அன்று மாலையே கேரளாவுக்குப் போனேன். அங்கே ஏழு மாதம் பெயின்ட் அடித்தேன். ஊர் திரும்பும் வழியில் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் சவரிமுத்துவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, கையில் மருந்துச் சீட்டோடு நின்றார். "இப்ப எங்கங்க வேலை?" என்றார். பெஞ்சில் உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். நிச்சயம் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் போனேன். செல்லத்துரை வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இடியை நான் தடுத்திருக்க முடியாது, ஆனால் இரண்டு மண்ணையும் சேர்த்திருந்தால் பெட்டிக்குப் பெட்டி தாவியிருக்காது, ராஜாத்திக்கு இவ்வளவு பட்டிருக்காது, சேர்க்கச் சொல்லி அவரே என்னிடம் கேட்டார், நான் செய்யவில்லை என்று சொன்னேன். செல்லத்துரை வைக்கோலைக் கீழே போடவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"அவங்ககிட்டயும் சொல்லணுங்க."

"சொல்லாதீங்க." குரலை உயர்த்தவில்லை. "இடி விழுந்துச்சுன்னு இருக்கா. அதோட இருக்கட்டும். எனக்கும் அவனுக்கும் பேச்சு கெடையாது. இவ மட்டுந்தான் கொழுந்தன் பொண்டாட்டியோட போன்ல பேசிக்கிட்டுக் கெடக்கா. அந்தப் புள்ளைக்கு முறுக்குச் சுட்டு அனுப்புறா. அவன் வேணாம்னதாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அதுவும் அறுந்துபோகும். ஒங்க மனசு லேசாகணும்னு எங்க வீட்டுல கொண்டாந்து எறக்கி வைக்காதீங்க."

அதற்குள் ராஜாத்தி வெளியே வந்தார். இடது கை விரல்கள் மடங்காமல் குச்சியாக நின்றன. "யாரு, கேமராக்காரரா? என்னவாம்?" என்றார். செல்லத்துரை அவருடைய இடது பக்கமாகப் போய், அந்தக் காதருகே குனிந்து கத்தினார்: "வேலை இருக்கான்னு கேட்டு வந்திருக்காரு!" வலது காது போயே போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

"வேலைன்னு வந்தவரை ஏன் நிக்க வச்சிருக்கீங்க? அந்த ரெண்டு மண்ணையும் சேக்கச் சொல்லுங்க. அன்னைக்கே சொன்னேன், பஸ்ஸப் புடிக்க ஓடிட்டாரு."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நீங்க கெளம்புங்க" என்றார் செல்லத்துரை என்னிடம்.

அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்று முந்திரிக்காடு முடிகிற வரைக்கும் தோன்றியது. அதே சமயம் அந்தம்மா அதே வேலையை இரண்டாவது முறையும் சொல்லியிருக்கிறார். முதல் முறை அடுத்த தடவை என்று நான் தள்ளிப்போட்டேன். இரண்டாவது முறை செல்லத்துரை வேண்டாமென்று சொல்லிவிட்டார், நான் வாய் திறக்கவில்லை. ஆலங்குடி போய்ச் சேர்ந்து, தெரிந்தவர் வீட்டில் படுத்தேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் தடித்த செம்புக் கம்பி முப்பதடி, இரண்டு கிளாம்ப் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் திரும்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. கம்பத்துக்கடியிலிருந்து எல்லையைத் தாண்டிக் கிழக்கே தோண்ட ஆரம்பித்தேன். செல்லத்துரை வந்து பார்த்தார். போகச் சொல்வார் என்று நினைத்தேன். கொட்டகைக்குப் போய், வழியில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து அங்கிட்டுக் கட்டினார். ராஜாத்தி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, வலது கையால் நான் தோண்டிய பள்ளத்தில் ஊற்றி மண்ணை இளக்கிக் கொடுத்தார்.

பத்தடி போயிருப்பேன். போன் அடித்தது. கருணாகரன்.

"அண்ணே, என்ன தோண்டுறீங்க? கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லையத் தாண்டிட்டீங்க."

"ஆமாங்க. ரெண்டு மண்ணையும் சேக்குறேன்."

"யாரைக் கேட்டு?"

"ஒங்க அண்ணி சொன்னாங்க."

"அண்ணிக்கு இப்பத் தேவலையாமே, வீட்டுல சொன்னாங்க. அவங்ககிட்டக் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார்.

"கருணாகரன்" என்று கத்திச் சொல்லிக் கொடுத்தேன். இடது கை பிடிக்காது. வலது கையில் வாங்கி, அவசரத்தில் பழைய பழக்கப்படி வலது காதில் வைத்துக்கொண்டார். காது கொடுத்துக் கேட்டபடி நின்றார். குழிக்குள் இருந்த எனக்கு, "அண்ணி... அண்ணி, கேக்குதா?" என்று போனிலிருந்து குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முகம் வாடி, "இன்னும் கோவம்தான் போல. பேச மாட்டேங்குறாரு" என்று போனை என் பக்கம் நீட்டினார்.

என் கை முழுக்கச் சேறு. நான் துடைப்பதற்குள் செல்லத்துரை வந்து அதை வாங்கினார்.

"அந்தக் காதுல அவளுக்குக் கேக்காதுடா" என்றார்.

மறுமுனையில் கருணாகரன் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. செல்லத்துரை போனை அணைக்காமல் திண்டில் வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கமிருந்து தோண்டத் தொடங்கினார். இன்னும் பத்தடி இருந்தது. இங்கேயும் அடியில் செம்பாறை தட்டியது. மதியம் வரைக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டபடி நான் கடப்பாரையை ஓங்கினேன்.